விளக்கு வைத்த பிறகு தலைநகரங்கள்

கார்த்திகை, வெள்ளி

தூறல் விடவில்லை. துணி ஒன்றும் காயவில்லை. பாப்பாவின் துணிகளை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன், எல்லாம் புகை நாற்றம். அவளுக்குச் சளி. வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தது. நாளைக்கு: பனங்கல்கண்டு, தீப்பெட்டி, சின்னு கால்சட்டைக்குப் பித்தான்.

இன்றும் சின்னுவுக்கு அடி. கெண்டைக்காலில் மூன்று வரி, தடித்துப்போய். மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டேன். தூக்கத்திலும் காலை இழுத்துக்கொள்கிறான்.

தினமும் விளக்கு வைத்த பிறகுதான் இது. மச்சாண்டார், என் வீட்டுக்காரருடைய அண்ணன், பஞ்சு ஜின்னிங் பேக்டரியிலிருந்து வருவார். முதலில் செருப்புச் சத்தம் வரும். கிறீச், கிறீச். எண்ணெய் போட விடமாட்டார். "நான் வர்றது நாலு பேருக்குத் தெரியோணும்" என்பார். சத்தம் கேட்டதும் சின்னு விளையாட்டைப் போட்டுவிட்டுக் கூடத்துத் தூணருகே போய்க் கைகட்டி நின்றுகொள்வான். ஆறு வயசு. மேஜைமேல் அட்லஸ். அட்லஸ்மேல் புளிய விளாறு.

அவர் தேசத்தைச் சொல்வார். இவன் தலைநகரத்தைச் சொல்லி, அதன் இங்கிலீஷ் எழுத்துகளையும் வரிசையாகச் சொல்லவேண்டும். தப்பினால் ஒன்று. தயங்கினால் ஒன்று. சின்னு தப்புவதே இல்லை. தயக்கம்தான். திக்குவாய்க் குழந்தைக்குத் தயங்காமல் எப்படி வரும்?

"கிரீஸ்?"

"ஏ... ஏ... ஏ..."

"ஏ ஏ-ன்னு கத்தறது ஆடுடா. கிரீஸுக்கு ஆடா தலைநகரம்?"

வீச்.

நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால். கல்யாணமாகி ஏழு வருஷமாக இந்தக் கதவுக்குப் பின்னால்தான். தம்பி சம்சாரம் மச்சாண்டார் எதிரில் வரக்கூடாது, பேசக்கூடாது. மேலே பட்டுவிட்டால் இரண்டு பேரும் தலைமுழுக வேண்டும். ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் தூணைப் பார்த்துச் சொல்வது, அவர் காதில் விழும். அவர் முகம் எனக்குத் தெரியாது. காலைத் தெரியும், கையைத் தெரியும்.

இன்று தூணிடம் சொன்னேன், "பையனுக்குப் பசிக்குதாட்டம் இருக்குதுங்க."

அவரும் தூணிடம், "காலேஜ் அம்மணிய அடுப்பு வேலையப் பாக்கச் சொல்லு."

தை பிறந்ததும் சின்னு மச்சாண்டாருக்குச் சுவீகாரப் பிள்ளை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னார். அதன்பின் சின்னு என் மகன் இல்லை. நான் அவனுக்குச் சித்தி. இப்போது தூணிடமாவது சொல்லலாம். அப்புறம் அதற்கும் பாத்தியதை கிடையாது.

சனி

மழை நின்றது. ஈசல்.

பாப்பா தூங்கும்போது அட்லஸை எடுத்துவந்து உட்கார்ந்தேன். மெட்ராஸ் ஹாஸ்டலில் இருந்து இன்டர் படித்ததற்கு இந்த உபயோகமாவது ஆகட்டும். எந்த ஊரில் அடி, எந்த ஊரில் தப்பித்துக்கொள்கிறான் என்று நினைத்து நினைத்து எழுதிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு இருக்கிறது!

வாயில் ஓடும் ஊர்: லண்டன், ரோம், பாரிஸ், டோக்கியோ, மாட்ரிட், பெர்லின், கெய்ரோ.
பூட்டிக்கொள்ளும் ஊர்: ஏதென்ஸ், ஆட்டவா, அடிஸ் அபாபா.

உயிரெழுத்தில் தொடங்கினால் தொண்டை பூட்டிக்கொள்கிறது. அம்மா என்று கூப்பிடக்கூட அவனுக்குச் சித்த நேரம் வேண்டும். "ம்மா" என்றுதான் வருவான். நான் செல்லம் என்று நினைத்திருந்தேன்.

எழுத்துக் கூட்டும்போது இன்னும் மோசம். எல், எம், என், ஆர், எஸ், எச். எழுதினால் மெய், சொன்னால் உயிர். ரோம் என்று கணீரென்று சொல்வான். அப்புறம் ஆர், ஓ, எம், ஈ. நாலும் பூட்டு. ஏதென்ஸில் டி ஒன்றுதான் படி, மற்றதெல்லாம் பள்ளம். டோக்கியோ தேவலை: டி, கே, வொய். இரண்டு ஓவையும் டி, வொய்யோடு ஒட்டிவிடலாம். ஹவானா, பனாமா, லாஸா: மூன்றிலும் ஏ தவிர வேறு உயிர் இல்லை. ரோமுக்குக் கடைசியில் ஈ சும்மா நிற்கிறது, உச்சரிப்பே இல்லை, அதற்கும் அடி உண்டு. உயிரெழுத்து இல்லாத தலைநகரம் ஒன்றாவது அகப்படுமா என்று பின்பக்க அட்டவணை முழுக்கத் தேடினேன். இல்லை.

ஒரு நல்லது. அட்லஸ் யுத்தத்துக்கு முன்னால் அச்சடித்தது. நார்வேக்குக் கிறிஸ்டியானியா, துருக்கிக்குக் கான்ஸ்டான்டிநோபிள் என்று போட்டிருக்கிறது. இப்போது ஆஸ்லோ, அங்காரா. ஆஸ்லோதான் எல்லாவற்றிலும் கொடியது. ஓ, எஸ், எல், ஓ. ஊர்ப் பெயரும் பூட்டு, எழுத்து நாலும் பூட்டு. மச்சாண்டாருக்குத் தெரியாது. நான் மூச்சு விடப் போவதில்லை. நீளமான கான்ஸ்டான்டிநோபிளைச் சின்னு ரயில்வண்டி மாதிரி ஓட்டிவிடுவான்.

பனங்கல்கண்டு மறந்துவிட்டது.

திங்கள்

இவர் கிணத்துக்கடவுத் தோட்டத்திலிருந்து வந்தார். தென்னைக்கு வண்டு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். சின்னுவின் காலைக் காட்டினேன்.

"எனக்கும் இதே அடிதான் அம்மணி. அண்ணன்தான் என்னையப் படிக்க வெச்சாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

வலது கைச் சுண்டுவிரல் அவருக்கு மடங்காது. சின்ன வயசில் அண்ணன் அடித்த ரூல்தடி. சோறு பிசையும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துக் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

அப்புறம் பைக்குள்ளிருந்து எடுத்தார். புது அட்லஸ். கெட்டி அட்டை, நீலம், மெட்ராஸிலிருந்து வரவழைத்தது. "அண்ணனுக்குச் சந்தோசமா இருக்கும்."

பின்பக்கம் பிரித்தேன்: ஆஸ்லோ, அங்காரா. அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். போட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்

எழுத்து கோணல்கோணலாக வருகிறது.

மச்சாண்டார் வந்ததும் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். மாட்ரிட்டில் ஏரோப்ளேன் வந்து குண்டு போடுகிறதாம். தெரு தெருவாக வீடு விழுகிறதாம். "இப்புடி நாலு போட்டாத்தான் ஊரு அடங்கும்" என்று சொல்லிவிட்டு, "ஸ்பெயின்?"

"மாட்ரிட். பெரியப்பா, மாட்ரிட்டுல சின்னப்பசங்க இருக்காங்களா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "இருந்தாங்க" என்றார்.

புது அட்லஸைப் பிரித்தார். அட்டவணையில் விரல் வைத்துக்கொண்டே வந்த கை நின்றது. பழையதை எடுத்தார். பக்கத்தில் வைத்தார். மறுபடி புதியது. கூடத்தில் கணக்குப்பிள்ளையும் இருந்தார், பஞ்சு லாரி விஷயமாக வந்தவர். அவர் எட்டிப் பார்த்து, "அடடே, கான்ஸ்டான்டிநோபிள் போயிப் பல வருசமாச்சுங்களே. பையனுக்குப் பழசையா சொல்லிக் குடுத்தீங்கொ?" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, பேச்சுவாக்கில்.

கணக்குப்பிள்ளை வாசல் தாண்டும்வரை மச்சாண்டார் விளாறைத் தொடவில்லை.

"நார்வே?"

சின்னு பாவம், "கி-கிறிஸ்டியானியா" என்றான். அதுதான் நேற்றுவரை சரி.

விளாறு முறிந்தது. அப்புறம் இடுப்பு வார். "ஆஸ்லோ, சொல்லு. ஆஸ்லோ." இவனுக்கு வாய் திறந்தபடி, ஒன்றும் வரவில்லை, எச்சில் வழிகிறது. "ஓ... ஓ..." என்னுடைய வீட்டுக்காரர் வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் காட்டினார்.

அக்காதான் கடைசியில் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தாள். அக்கா என்றால் ஓரகத்தி, மச்சாண்டார் சம்சாரம் ராமாத்தாள். வாரில் இருந்த பித்தளை அவள் முழங்கையில் பட்டது. அவளுக்கு முன்பல் இரண்டு கிடையாது. கிணற்றுப்படியில் விழுந்தாள் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறது.

சின்னு படுக்கையில் ஒன்றுக்குப் போய்விட்டான். துணி மாற்றினேன். இதை எழுதும்போது பாப்பா அழுகிறாள்.

மார்கழி, ஞாயிறு

பனி. கோலத்துக்குப் பூசணிப்பூ கிடைக்கவில்லை, பரங்கிப்பூ.

மச்சாண்டார் பஞ்சு வாங்கத் திருப்பூர்ப் பக்கம் போயிருக்கிறார். இந்த வாரம் வரமாட்டார். வீட்டில் காற்று வேறு மாதிரி இருக்கிறது. அக்கா பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

ஒரு வழி கண்டுபிடித்தேன்! மாட்டுக்காரன் வீட்டுப் பையன்கள் எழுத்துச் சொல்லி விளையாடினார்கள். "யெல், யெம், யென், வோ." நம் ஜனங்களுக்கு எ என்றால் யெ, ஓ என்றால் வோதான். ஹாஸ்டலில் நான் அப்படிச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், மாற்றிக்கொள்ளப் படாத பாடு பட்டேன். இப்போது சின்னுவிடம் சொன்னேன், "கண்ணு, ஓ வேண்டாம். வோ சொல்லு."

"வோ."

"ஆஸ்லோ வேண்டாம். வாஸ்லோ."

"வாஸ்லோ. வோ, யெஸ், யெல், வோ."

நிற்கவே இல்லை. தண்ணீர் மாதிரி. அவனே திகைத்துப்போனான். பிறகு வீடு பூராவும் ஓடிக்கொண்டே, யேதென்ஸ், வாட்டவா, யங்காரா. பாப்பாவிடம் போய் "யம்மா" என்று சொல்லிக் காட்டுகிறான். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான்.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன். "அக்கா, சுவீகாரம் வேண்டாம்னு நீங்க சொல்லக் கூடாதுங்களா?"

முகம் மாறிவிட்டது.

"மலடி மலடின்னு கேட்டுக் கேட்டுப் புளிச்ச காதம்மணி இது. சொந்தம், ஒறம்பரை ஊட்டுல ஒரு தொட்டிலக்கூட என்னையத் தொட உடமாட்டாங்க. இப்பத்தான் என்ற மடிக்கு ஒண்ணு வருது. அத வேண்டாங்கச் சொல்றயா? உனக்குத்தான் இன்னொண்ணு இருக்குதே!"

இந்த வீட்டு வழக்கத்தை அவள்தான் சொன்னாள். ஐயர் ஹோமம் பண்ணுவதெல்லாம் பார்வைக்கு. பெற்றவர்களில் ஒருவர் குழந்தையைத் தூக்கி, சுவீகாரம் எடுப்பவளுடைய மடியில் வைக்கவேண்டும். எடுப்பவள் மடியில் வைத்தபடி மஞ்சத்தண்ணி புகட்டவேண்டும். மடியும் மஞ்சத்தண்ணியும் ஆனால்தான் பிள்ளை மாறும்.

"நான் தூக்கி வைக்காட்டி?"

"உன்ற ஊட்டுக்காரரு வெப்பாரு."

எழுந்து போய்விட்டாள். தோசைக்கு அரைக்கும்போது குழவியைப் போட்டு அடித்தாள்.

சனி

மச்சாண்டார் திரும்பிவிட்டார்.

சின்னு தானாகவே சத்தம் கேட்பதற்கு முன்பே தூணருகே போய் நின்றான். காட்டவேண்டும் என்று ஆசை. முதுகு நிமிர்ந்திருந்தது. நானும் கதவிடுக்கில் கொஞ்சம் தலையை நீட்டினேன்.

"கிரீஸ்?"

"யேதென்ஸ். யே, டி, யெச், யீ, யென், யெஸ்."

"...கனடா?"

"வாட்டவா. வோ, டி, டி, யே, டபிள்யூ, யே."

"நார்வே?"

"வாஸ்லோ!" சிரித்துக்கொண்டே சொன்னான். அக்கா கை தட்டினாள்.

 எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பட்டது.

"ஆருடா சொல்லிக் குடுத்தது? மாட்டுக்காரனாட்டம் பேசற. நாளைக்கு என்ற மகன்னு சபையில நிறுத்துனா நாலு பேரு சிரிக்கமாட்டான்? நக்கலா பண்ற? என்னையவா?"

விளாறு இல்லை. அட்லஸ். அந்த நீலக் கெட்டி அட்டையோடு அப்படியே, இடது காதில்.

சின்னு கத்தவில்லை. உட்கார்ந்தான். காதைப் பொத்தினான். விரலிடுக்கில் ரத்தம் வந்தபோது அதைப் பார்த்து, "ம்மா, காதுக்குள்ள கத்துது" என்றான்.

ஞாயிறு

ஆஸ்பத்திரி. இவரும் வந்தார். டாக்டரம்மா ஊசிவிளக்கு வைத்துப் பார்த்தார். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. அந்தப் பக்கம் இனிக் கேட்பது கஷ்டம்.

"எப்படி ஆச்சு?"

இவர்: "ஊஞ்சல்ல இருந்து உழுந்துட்டானுங்க."

நான்: "அடிச்சது. இவங்க அண்ணன்."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எழுதினார். பஞ்சும் சொட்டு மருந்தும். தண்ணீர் படக்கூடாது.

வெளியே வேப்பமரத்தடியில், வண்டியில் ஏறும் முன் இவர் என்னை அறைந்தார். கல்யாணமாகி முதல் தடவை. இடுப்பில் பாப்பா. மடங்காத அந்தச் சுண்டுவிரல் கண்ணோரத்தில் குத்தியது. அடித்துவிட்டு அவரே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டிக்காரன் மாட்டின் கழுத்துக்கயிற்றைச் சரிசெய்தான். வண்டி கிளம்பியது. சின்னு, "ம்மா, வண்டி ஒரு பக்கம்தான் ஓடுது" என்றான்.

அக்கா வாசலில் நின்றாள். "டாக்டரு என்ன சொன்னாங்கொ?"

இவர், "ஊஞ்சல்ல உழுந்ததுன்னு சொல்லியாச்சுங்க அண்ணி. நீங்களும் ஆரு கேட்டாலும் அதையே சொல்லிருங்க."

"ஊஞ்சலா?" என்றாள் அக்கா. நாக்கு அந்தப் பல் இல்லாத சந்தில் போய் வந்தது. "செரி. எனக்குக் கெணத்துப்படி. அவனுக்கு ஊஞ்சல்."

உள்ளே போய்விட்டாள்.

மார்கழி கடைசி

கிணத்துக்கடவு. தோட்டத்து வீடு, சுவீகாரம் இங்கேதான். வெள்ளையடித்த வாசனை. பந்தல் போட்டாயிற்று. தாராபுரத்துக்குக் கடுதாசி போட்டேன், அப்பா வர முடியாதாம், மூட்டுவலி. வந்தாலும் என்ன செய்வார்.

சின்னுவின் காதிலிருந்து நீர் வடிகிறது. இடது பக்கமாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கூப்பிட்டது யார் என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். செருப்புச் சத்தம் மட்டும் எந்தப் பக்கம் வந்தாலும் கேட்டுவிடுகிறது. தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

நான் தூக்கி வைக்கமாட்டேன் என்று இவரிடம் சொன்னேன். "நான் வெச்சுக்கறேன்" என்றார், கொடியில் துண்டு எடுப்பது மாதிரி. பாப்பாவையும் சின்னுவையும் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றால் பந்தல் நிறைய ஒறம்பரை. இரவெல்லாம் வாசலில் சீட்டாட்டம்.

அக்கா பெட்டியிலிருந்து கூறைச்சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

நாளைய சாமான்: மஞ்சள், வெற்றிலை, புது வேட்டி (சின்னுவுக்கு), வெள்ளிக் கிண்ணம்.

தை. தாராபுரம், அப்பா வீடு

வாயில் இன்னும் ரத்த ருசி. எத்தனை தடவை கொப்பளித்தாலும்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வெயில் ஏறும் முன்னாலேயே ஹோமம் முடிந்தது. அக்கா கூறைச்சேலையில் மணையில் உட்கார்ந்து மடியை விரித்திருந்தாள். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சத்தண்ணி. சின்னுவுக்குப் புது வேட்டி, தரையில் இழுபடுகிறது. இவர் அவனைத் தூக்கக் குனிந்தார். நான் பெண்கள் பக்கம், முன்வரிசை, முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டு, பாப்பாவோடு.

"இர்ரா" என்றார் மச்சாண்டார் தம்பியிடம். ஒறம்பரையைப் பார்த்து, "பையன் எப்புடிப்பட்டவன்னு எல்லாரும் பாக்கோணுமல்ல. டேய், இங்கிலாந்து?"

"லண்டன்."

"ஆகா" என்றார்கள். யாரோ ஒரு கிழவர், "சக்கரவர்த்தி ஊரே தெரியுதே" என்றார்.

"எழுத்து?"

எல். லண்டனின் முதல் எழுத்து. யெல் என்று சொன்னால் வந்துவிடும், அவனுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். வாய் திறந்தபடி என்னைத் தேடினான்.

"எ... எ... எ..."

பந்தலில் சிரிப்பு. சும்மா சிரிப்பு, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது. அவருக்கு அது போதும். அறைந்தார். பஞ்சு வைத்த காதின்மேலேயே. சின்னு ஹோமக்குண்டத்துச் செங்கல்லில் போய் விழுந்தான். சிரிப்பு அப்படியே நின்றது. ஐயர் நெய்க்கரண்டியை எடுத்தார், வைத்தார்.

"தூக்கு. தூக்கி மடியில வெய்யி" என்றார் மச்சாண்டார். இவர் தூக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருக்க, தூக்கினார். மணை பக்கம் திரும்பினார்.

மணையில் யாரும் இல்லை.

அக்கா எழுந்து நின்றிருந்தாள். கிண்ணம் அவள் கையில். "என்ற மடி இல்லீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "இந்தப் புள்ளைக்கு என்ற மடி இல்லீங்க." கிண்ணத்தைக் கவிழ்த்தாள். மஞ்சத்தண்ணி அவள் சேலையிலும் குண்டத்திலும் கொட்டி உஸ்ஸென்று புகைந்தது.

மச்சாண்டார் பித்தளைச் சொம்பை எடுத்தார். முதல் அடி நெற்றியில். இரண்டாவது எங்கே என்று தெரியவில்லை. அவள் மண்டியிட்டுவிட்டாள், முகமெல்லாம் சிவப்பு, கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. சொம்பு நெளிந்துவிட்டது. பந்தல் நிறைய ஆண்கள். என்னுடைய வீட்டுக்காரர் சின்னுவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பாப்பாவை யார் கையில் கொடுத்தேன் என்று நினைவில்லை. சொம்பு மறுபடி மேலே போனபோது அந்தக் கையை நான் பிடித்திருந்தேன். எனக்குத் தெரிந்த கை. கட்டைவிரலுக்குக் கீழே கடித்தேன். எலும்பு தட்டும்வரை கடித்தேன். விட்டால் அவ்வளவுதான் என்று மட்டும் தெரிந்தது. மற்றக் கையால் என் பின்கழுத்தில், பொடனியிலேயே, குத்தினார். விடவில்லை. அவர் கத்தினார். சொம்பு உருண்டது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. எப்படியெப்படியோ நினைத்திருந்தேன். சாதாரண முகம். இவர் ஜாடை. இடது கன்னத்தில் சின்னுவுக்கு இருப்பது போலவே மச்சம். கண்ணில் தண்ணீர்.

தூணிடம் சொல்லவில்லை. அவரிடமே சொன்னேன். "இது என்ற புள்ளைங்க. குடுக்கமாட்டனுங்க." வாயெல்லாம் ரத்தத்தோடு, அப்போதும் 'ங்க' போட்டுத்தான் வந்தது.

இவரிடமிருந்து சின்னுவை வாங்கினேன். வாங்கினேன் என்றுதான் எழுதவேண்டும், பிடுங்க வேண்டியிருக்கவில்லை. கை தளர்ந்திருந்தது. அக்காவைத் தூக்கி நிறுத்தினேன். பாப்பாவை ஒரு கிழவி தூர நின்றே நீட்டினாள். பந்தல் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மச்சாண்டாரைத் தொட்டவள் தங்கள்மேல் பட்டுவிடப் போகிறாளே என்று எல்லாரும் சேலையை, வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்த வழக்கம் ஒரு நாளாவது எனக்கு உதவியது.

பஸ்ஸில் பொள்ளாச்சி. அங்கிருந்து இன்னொரு பஸ். அக்கா தலையில் என் முந்தானைக் கிழிசல். கண்டக்டர் கேட்டார், "ஏனுங்க, என்ன ஆச்சுங்க?"

அக்கா சொன்னாள், "ஊட்டுக்காரரு அடிச்சுப்போட்டாருங்க."

கிணற்றுப்படி என்று சொல்லவில்லை.

மறுநாள்

வெயில். அப்பா நாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தார். அக்கா நெற்றியில் தையல் இல்லாமல் பச்சிலைக் கட்டு. எனக்குப் பொடனி திரும்பவில்லை. பாப்பாவுக்குச் சளி தேவலை. வாங்கவேண்டியது: பாப்பாவுக்குத் துணி, பஞ்சு, அக்காவுக்கு ஒரு சேலை. அவள் அந்த மஞ்சள் கறையோடேயே இருக்கிறாள்.

அப்பாவுக்குப் பயம். வெளிக்காட்டவில்லை. "மடியும் ஆகல, மஞ்சத்தண்ணியும் ஆகல. சுவீகாரம் நடக்கல. அது மட்டும் நிச்சயம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். "ஆனா உன்ற ஊட்டுக்காரரு நெனச்சா இன்னொரு முகூர்த்தம் வெக்கலாம் கண்ணு."

"யார் மடியில வெப்பாங்க?" என்றேன்.

அக்கா சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "என்றதுல இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பிப் போனா என்னையக் கொன்னுபோடுவாரு அம்மணி" என்றாள், வெங்காயத்தின் விலை சொல்வதைப் போல.

சின்னு என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, "ம்மா, மாட்ரிட்ல இன்னும் குண்டு போடறாங்களா?" என்றான். பேப்பர் பார்க்கவில்லை என்றேன். அப்பாவின் பழைய பேப்பர் கட்டை நான் தொடவே இல்லை.

"யிங்க போடுவாங்களா?"

யிங்க. அவனே கண்டுபிடித்துக்கொண்டான். நான் சொல்லித்தரவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. அவன் தூண் எங்கே என்று பார்த்தான். இந்த வீட்டில் தூண் கிடையாது. கொஞ்சம் நின்றான். பிறகு அக்காவிடம் போய், கேட்காமலே, அவள் மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டான். யாரும் தூக்கி வைக்கவில்லை. அக்கா கையைத் தொங்கவிட்டபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். தொட்டால் எழுந்துவிடுவானோ என்று.

வண்டி ஒன்று வாசலில் நிற்கிறது. அப்பா தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். செருப்புச் சத்தம். கிறீச், கிறீச். அக்கா என்னைப் பார்க்கிறாள், பிறகு கீழே மடியைப் பார்க்கிறாள்.

சின்னு எழுந்திருக்கவில்லை. நல்ல காது அவள் மடியில் புதைந்திருக்கிறது. அவனுக்குக் கேட்கவே இல்லை.

நான்தான் பேசவேண்டும். நேராக. போகிறேன்